தமிழ்நாட்டில் எம்.எஸ். முடித்த கண் மருத்துவர் பிரிட்டனில் கன்சல்டன்ட் ஆவதற்கான வழி: ஆவணம், செலவு, காலம்

கண் மருத்துவத்தில் எம்.எஸ். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. முடித்து, சில ஆண்டுகள் அறுவை அரங்கில் நின்று கை தேர்ந்த பிறகு, பிரிட்டனின் அரசுப் பொதுச் சுகாதார சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனைகளில் கன்சல்டன்ட், அதாவது மூத்த நிபுணர் நிலையில் கண் அறுவை மருத்துவராக வேண்டும் என்று எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அந்தப் பாதையில் நடந்து வந்தவன். முதல் ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டிய நாளிலிருந்து நிபுணர் பதிவேட்டில் என் பெயர் ஏறும் வரை ஒன்பது ஆண்டுகள் ஆயின. முன்னால் சென்ற ஒருவர் உட்கார்ந்து விளக்கியிருந்தால் அவற்றில் மூன்று ஆண்டுகளையாவது மிச்சப்படுத்தியிருப்பேன். அந்த மூன்று ஆண்டுகளும் அறுவைத் திறன் போதாமல் வீணாகவில்லை. செய்த வேலைக்குச் சான்று கையில் இல்லாததால் வீணாயின. ஆகவே இந்தக் கட்டுரையில் படிப்பைவிடக் காகிதத்தைப் பற்றியே அதிகம் பேசுவேன்.

கட்டணங்களைத் தோராயமாகவே தருகிறேன். மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஜி.எம்.சி. பெரும்பாலான கட்டணங்களை ஏப்ரல் மாதத்தில் மாற்றுகிறது; பணம் கட்டும் நாளில் அதன் இணையதளத்தில் உள்ள தொகையே இறுதியானது.

1. ‘கன்சல்டன்ட்’ என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

நம் ஊரில் எம்.எஸ். முடித்த மறுமாதமே ஒரு தனியார் மருத்துவமனையில் கன்சல்டன்ட் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் ஜி.எம்.சி.யின் நிபுணர் பதிவேட்டில் கண் மருத்துவம் என்ற துறையின் கீழ் பெயர் இருந்தால்தான் என்.எச்.எஸ்.ஸில் நிரந்தர கன்சல்டன்ட் பணி கிடைக்கும். தற்காலிக லோக்கம் கன்சல்டன்ட் பணிக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால் சிலர் ஆண்டுக்கணக்கில் லோக்கமாகவே இருந்துவிடுகிறார்கள். அது வேலைப் பாதுகாப்பு இல்லாத நிலை. இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம்.

பதிவேட்டில் ஏற இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, எஸ்.டி.1 தொடங்கி எஸ்.டி.7 வரை ஏழு ஆண்டுகள் நடக்கும் தேசியப் பயிற்சியில் சேர்ந்து, இறுதியில் சி.சி.டி. என்னும் பயிற்சி நிறைவுச் சான்றைப் பெறுவது. இரண்டாவது, வேறெங்கோ பெற்ற பயிற்சியும் அனுபவமும் பிரிட்டனில் நிபுணராகப் பணியாற்றப் போதுமானவை என்று ஆவணங்களால் நிறுவுவது. 2023 நவம்பர் இறுதிவரை இதை சீசர் என்று அழைத்தார்கள். இப்போது போர்ட்ஃபோலியோ பாத்வே என்பது இதன் பெயர். பழைய பதிவுகளைப் படிக்கும்போது இரண்டும் ஒன்றே என்பதை நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே எம்.எஸ். முடித்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அறுவை செய்தவருக்கு இரண்டாவது வழியே பொருத்தம் என்பது என் கருத்து. எஸ்.டி.1 இடங்களுக்குப் போட்டி எப்போதுமே கடுமையாக இருந்துவந்திருக்கிறது. அதோடு, 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு வெளியிட்ட பத்தாண்டு சுகாதாரத் திட்டம், பயிற்சி இடங்களில் அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு முன்னுரிமை தரப்படும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. எனவே பயிற்சி இடத்தை மட்டுமே நம்பிப் புறப்பட வேண்டாம்.

2. எல்லாவற்றுக்கும் முன் உங்கள் பெயரைச் சரிசெய்யுங்கள்

இது அற்பமாகத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டு மருத்துவர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இதுவே. நம் பட்டச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். அல்லது குடும்பப் பெயர் என்ற கட்டமே வெறுமையாக இருக்கும். பள்ளிச் சான்றில் முதலெழுத்து முன்னால் நிற்கும், மருத்துவக் கவுன்சில் பதிவில் பின்னால் நிற்கும். திருமணமான பெண்களுக்கு இவற்றோடு கணவர் பெயரும் சேரும். இந்த நால்வரும் ஒரே ஆள்தான் என்பது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. லண்டனில் கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு அது தெரிய வழியில்லை.

எனக்கு இந்த ஒரு காரணத்தால் நான்கு மாதம் போயிற்று. ஆகவே, எந்தத் தேர்வுக்கும் பணம் கட்டுவதற்கு முன்பே கடவுச்சீட்டைத் திறந்து வைத்து, அதிலுள்ள பெயர் வடிவத்தையே இனி எல்லா இடங்களிலும் பயன்படுத்துவது என்று முடிவு செய்யுங்கள். குடும்பப் பெயர் கட்டம் வெறுமையாக இருந்தால், கடவுச்சீட்டை முதலில் திருத்திப் பெறுங்கள். முதலெழுத்து வடிவமும் விரிந்த வடிவமும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை எடுத்து, கெட்டியான தாளில் இரண்டு மூலப் பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். பெயரையே மாற்றியவர்கள் அரசிதழ் அறிவிப்பின் பிரதியையும் சேர்த்து வையுங்கள்.

3. ஊரை விட்டுக் கிளம்புமுன் அறுவைப் பதிவேட்டை முடியுங்கள்

மதுரை, கோவை, திருநெல்வேலி, சென்னை போன்ற நகரங்களின் பெரிய கண் மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றவர் சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கான கண்புரை அறுவைகளைச் செய்திருப்பார். பிரிட்டனின் ஏழாண்டுப் பயிற்சியை முடிக்க 350 கண்புரை அறுவைகள் என்பதே நெடுங்கால அளவுகோலாக இருந்துவந்திருக்கிறது. இந்த ஒப்பீட்டைப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறோம். ஆயிரக்கணக்கில் செய்தேன் என்று மருத்துவமனைத் தலைப்புத் தாளில் ஒற்றை வரியாக எழுதி வாங்கிய கடிதத்துக்கு மதிப்பீட்டுக் குழுவிடம் மிகக் குறைந்த எடையே உண்டு. ஒவ்வோர் அறுவையும் தேதியோடு, முறையோடு, நீங்கள் முதன்மையாகச் செய்தீர்களா, துணை நின்றீர்களா, மேற்பார்வையில் செய்தீர்களா என்ற விவரத்தோடு, விளைவோடு இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை உங்கள் துறைத்தலைவர் கையொப்பமும் மருத்துவமனை முத்திரையும் இட்டு உறுதிப்படுத்த வேண்டும்.

இதில் மூன்று நுணுக்கங்கள் உள்ளன. பேக்கோவையும் (ஒலி அலையால் கண்புரையை உடைத்து உறிஞ்சும் முறை) எஸ்.ஐ.சி.எஸ். முறையையும் (சிறு கீறல் வழியே கண்புரையைக் கையால் எடுப்பது) தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். பிரிட்டனில் கண்புரை அறுவை என்றால் ஏறத்தாழ முழுவதும் பேக்கோதான், ஆகவே உங்கள் பேக்கோ எண்ணிக்கையே அங்கே எண்ணப்படும். அடுத்து, சிக்கல்களை மறைக்காதீர்கள். நம் ஊரில் பி.சி. ரென்ட் என்று சொல்வதை அங்கே பி.சி.ஆர். என்கிறார்கள், கண்வில்லையின் பின்புறப் பை கிழியும் இந்த விகிதத்தை ஒவ்வோர் அறுவை மருத்துவருக்கும் கணக்கிட்டுப் பார்க்கும் தேசியத் தணிக்கையே அங்கு நடக்கிறது. சிக்கலே இல்லாத பட்டியல் நம்பிக்கையைக் குலைக்கும். சிக்கல் நேர்ந்தபோது என்ன செய்தீர்கள், நோயாளியிடம் எப்படி எடுத்துச் சொன்னீர்கள், அதிலிருந்து எதை மாற்றிக்கொண்டீர்கள் என்று எழுதிய குறிப்பு உங்களை உயர்த்தும். மூன்றாவதாக, தொடர்ச்சியான 50 கண்புரை அறுவைகளை எடுத்து, அறுவைக்கு முன்னும் பின்னும் இருந்த பார்வை, எதிர்பார்த்த கண்ணாடிப் பவருக்கும் கிடைத்த பவருக்கும் உள்ள வேறுபாடு, சிக்கல்கள் ஆகியவற்றைத் தணிக்கை செய்யுங்கள். பிரிட்டனில் பயிற்சியின் பிற்பகுதியில் இருப்பவர்கள் செய்யும் வேலை இது. ஊரில் இருக்கும்போது இரண்டே வாரத்தில் இதை முடித்துவிடலாம். வெளிநாடு போனபின் பழைய கேஸ் ஷீட்டுகளைத் தேடித் தரச் சொல்லி நண்பர்களைக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

நான் கெஞ்சினேன். நான் பணியாற்றிய மருத்துவமனைகளில் ஒன்று, பழைய பதிவுகளை அழித்துவிட்டதாகச் சொல்லிவிட்டது. இரண்டரை ஆண்டு அறுவைகள் என் கணக்கில் சேரவே இல்லை.

பிரிட்டனில் பயிற்சி மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐலாக்புக் என்னும் மின்பதிவேட்டின் அமைப்பைப் பார்த்து, அதே தலைப்புகளில் உங்கள் பட்டியலை எக்செல்லில் அமைத்துக்கொண்டால் பின்னர் மாற்றி எழுத வேண்டியிராது.

4. ஆங்கிலத் தேர்வும் சான்று சரிபார்ப்பும்

இரண்டு தேர்வுகளில் ஒன்று போதும். ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் எடுத்தால் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7.0 வேண்டும். ஓ.இ.டி. எடுத்தால் நான்கு பகுதிகளிலும் பி கிரேடு வேண்டும். முதலாவது 17,000 ரூபாய்க்கு மேல். இரண்டாவது ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு. ஆயினும் எழுத்துப் பகுதியில் தடுமாறுபவர்களுக்கு ஓ.இ.டி.யையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அதில் எழுதச் சொல்வது நாம் தினமும் எழுதும் ரெஃபரல் கடிதத்தைத்தான். மதிப்பெண் இரண்டு ஆண்டுகளே செல்லும். இந்தத் தேர்வை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றைத் தள்ளிப்போட்டு, கடைசியில் இது காலாவதியாகி மறுபடி பணம் கட்டியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

சான்று சரிபார்ப்பு எபிக் என்னும் அமைப்பின் வழியே நடக்கிறது. கணக்குத் தொடங்கவும் ஒவ்வொரு சான்றையும் சரிபார்க்கவும் டாலரில் தனித்தனிக் கட்டணம். இரண்டும் சேர்ந்து 200 டாலரைத் தாண்டும். நீங்கள் பதிவேற்றும் எம்.பி.பி.எஸ். பட்டத்தை அவர்கள் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பி உறுதி கேட்பார்கள். பதில் ஒரு மாதத்திலும் வரலாம், ஐந்து மாதமும் ஆகலாம். கோரிக்கை அனுப்பப்பட்ட தேதியைக் குறித்துக்கொண்டு, கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் உரிய பிரிவில் விசாரிக்கச் சொல்லி வீட்டில் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். எம்.எஸ். பட்டத்தையும் அப்போதே சரிபார்ப்புக்குப் போட்டுவிடுங்கள், பின்னால் போர்ட்ஃபோலியோவுக்குத் தேவைப்படும்.

5. ஜி.எம்.சி. பதிவு

பலரும் எடுப்பது ப்ளாப், அதாவது வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கு ஜி.எம்.சி. நடத்தும் தகுதித் தேர்வு. முதல் பகுதி மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள், சென்னையிலேயே எழுதலாம், கட்டணம் 300 பவுண்டுக்குள். இரண்டாம் பகுதி மான்செஸ்டரில் மட்டும் நடக்கும் செய்முறைத் தேர்வு. கட்டணம் 1,000 பவுண்டை ஒட்டி வரும், பயணமும் தங்குமிடமும் தனி. முதல் பகுதியில் தேறிய இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டாம் பகுதியை முடிக்க வேண்டும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்குள் பதிவு பெற வேண்டும். கண்ணை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு மாரடைப்பும் பிரசவமும் குழந்தைக் காய்ச்சலும் மீண்டும் படிப்பது கடினம்தான். நான்கு மாதம் முழுமையாக ஒதுக்கிப் படியுங்கள்.

இரண்டாவது வழி, ஜி.எம்.சி. ஏற்கும் முதுநிலைத் தகுதி ஒன்றைப் பெற்று ப்ளாப் இல்லாமலே பதிவு செய்வது. பிரிட்டனின் கண் மருத்துவர் கழகமான ராயல் காலேஜ் ஆஃப் ஆப்தல்மாலஜிஸ்ட்ஸ் நடத்தும் எஃப்.ஆர்.சி.ஆப்த் என்னும் நிபுணர் தேர்வு அந்தப் பட்டியலில் உள்ளது. ‘ராயல் காலேஜ்’ என்று பெயர் வைத்த எல்லாத் தேர்வும் ஒன்றே என்று நினைத்துவிட வேண்டாம். எந்தத் தேர்வுக்குப் பணம் கட்டினாலும், அது ஜி.எம்.சி.யின் பட்டியலில் எந்த நிபந்தனையோடு உள்ளது என்பதை அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வழி எம்.டி.ஐ. திட்டம்: அதிகபட்சம் இரண்டு ஆண்டு பயிற்சி பெற்று ஊர் திரும்புபவர்களுக்கானது, கன்சல்டன்ட் ஆவதற்கான பாதையாக அதைக் கருத முடியாது.

எந்த வழியானாலும் குட் ஸ்டாண்டிங் சான்று (உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதுமில்லை என்று மருத்துவக் கவுன்சில் தருவது) வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் பணியாற்றிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் தனித்தனியாகப் பெற வேண்டும். மாலத்தீவிலோ வளைகுடாவிலோ ஆறு மாதம் இருந்திருந்தாலும் விட முடியாது. இது மூன்று மாதமே செல்லும். முன்கூட்டியே வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பது பயன்படாது. மற்ற எல்லாம் தயாரான பின் கடைசியாகப் பெறுங்கள். பதிவுக் கட்டணம் 450 முதல் 500 பவுண்டு வரை.

6. முதல் வேலையும் விசாவும்

புதிதாகப் பதிவு பெற்றவர் முதலில் ஜி.எம்.சி. அங்கீகரித்த பணியிடத்தில்தான் வேலை செய்யலாம், என்.எச்.எஸ். மருத்துவமனைகளை நடத்தும் ட்ரஸ்ட்கள் இதில் அடங்கும். க்ளினிக்கல் ஃபெல்லோ, ட்ரஸ்ட் கிரேடு, ஸ்பெஷாலிட்டி டாக்டர் என்ற பெயர்களில் வேலைகள் விளம்பரமாகும். நேர்காணலில் சம்பளத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, வாரத்தில் எத்தனை அறுவை அமர்வுகள் எனக்குத் தரப்படும் என்பதே. அதை எழுத்தில் கேளுங்கள். என் முதல் வேலையில் ‘அறுவை வாய்ப்பு உண்டு’ என்று வாயால் சொன்னார்கள். பதினான்கு மாதம் அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் விழித்திரை ஊசி போடும் அறையிலும் கழிந்தது.

ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவுக்குக் குடியேற்றச் சுகாதாரக் கட்டணம் விலக்கு. மூன்று ஆண்டு வரையான விசாவுக்கு ஒருவருக்கு 300 பவுண்டை ஒட்டி ஆகும். மருத்துவமனை தரும் ஸ்பான்சர்ஷிப் எண்ணும், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் எடுத்த காசநோய்ச் சான்றும் அவசியம். முடிவு பொதுவாக மூன்று வாரத்தில் வரும். வந்து சேர்ந்ததும், மருத்துவப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றில் உறுப்பினராகிவிடுங்கள், என்.எச்.எஸ். தரும் காப்பு நோயாளியின் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு உதவுமே தவிர, ஜி.எம்.சி. விசாரணையில் உங்களுக்காக வாதாடாது.

7. எஃப்.ஆர்.சி.ஆப்த் தேர்வுகள்

முதல் பகுதி, ரிஃப்ராக்‌ஷன் சான்று, இரண்டாம் பகுதி எழுத்து, இரண்டாம் பகுதி வாய்மொழி என நான்கு படிகள். முதல் பகுதியில் ஒளியியல் ஆழமாகக் கேட்கப்படும். நம்மவர்கள் பலர் தடுமாறுவது ரிஃப்ராக்‌ஷனில். ஊரில் கண்ணாடிப் பவர் பார்க்கும் வேலையை ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளும் கண் மருத்துவ உதவியாளர்களும் செய்துவிடுவதால், பத்தாண்டு அனுபவமுள்ள அறுவை மருத்துவருக்குக்கூட ரெட்டினோஸ்கோபி (கண்ணுக்குள் ஒளியைச் செலுத்திப் பவரைக் கணிப்பது) கைவிட்டுப் போயிருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்றே உங்கள் மருத்துவமனையின் ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம் கேட்டு, தினம் ஐந்து நோயாளிகளுக்கு ரெட்டினோஸ்கோபியும், சிலிண்டர் பவரை நுணுக்கமாகச் சரிபார்க்கும் கிராஸ் சிலிண்டர் சோதனையும் செய்து, அவர் கண்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று மாதத்தில் கை திரும்பிவிடும். தேர்வுகளின் கட்டணம் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பவுண்டுகள். நான்கையும் முடிக்க மூன்று முதல் நான்கு ஆண்டுகள் என்று திட்டமிடுங்கள்.

8. போர்ட்ஃபோலியோ விண்ணப்பம்

கட்டணம் 1,500 பவுண்டுக்கு மேல். இணையத்தில் விண்ணப்பத்தைத் திறந்தபின் சமர்ப்பிக்க 24 மாதம் உண்டு என்றாலும், ஆவணங்களில் பெரும்பகுதி கையில் சேரும் வரை திறக்க வேண்டாம். கோப்பு பல நூறு பக்கங்கள் வரும்.

2024 ஆகஸ்டில் கண் மருத்துவத்துக்குப் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. நோயாளி மேலாண்மை தொடங்கி ஆராய்ச்சி வரை ஏழு களங்களும், கண்புரை, க்ளாக்கோமா, கார்னியா, விழித்திரை மருத்துவம், விட்ரியோரெட்டினா (விழித்திரை அறுவை), குழந்தைகள் கண் மருத்துவம் முதலான 12 சிறப்புத் துறைகளும் அதில் உள்ளன. நம்மில் பலர் ஒரே துறையில் ஆழமாகப் போயிருப்போம். விட்ரியோரெட்டினாவில் எவ்வளவு தேர்ந்தவரானாலும், மாறுகண், கண்ணிமை, நரம்பியல் கண் நோய் ஆகியவற்றிலும் பொதுவான திறன் உண்டு என்பதற்குச் சான்று இல்லையென்றால் விண்ணப்பம் நிற்கும். ஆகவே பிரிட்டனில் சேர்ந்த முதல் ஆண்டே உங்கள் எஜுகேஷனல் சூப்பர்வைசரோடு (பயிற்சி மேற்பார்வையாளர்) உட்கார்ந்து இடைவெளிகளைப் பட்டியலிட்டு, வாரம் ஒரு நாள் அந்தப் பிரிவுகளுக்கு அனுப்பும்படி கேளுங்கள்.

விண்ணப்பங்கள் திரும்பி வரும் காரணங்களை வரிசைப்படுத்தினால், நோயாளியின் பெயர், முகவரி போன்ற அடையாளம் எங்கோ ஒரு பக்கத்தில் அழிக்கப்படாமல் இருப்பது முதலில் வரும். நான் 40 பக்கங்களை மீண்டும் அழித்து, மீண்டும் உறுதிப்படுத்தி வாங்கினேன். கறுப்பு மார்க்கரால் அழித்து ஸ்கேன் செய்தால் எழுத்து தெரியும். அழித்த தாளை நகலெடுத்து, அந்த நகலை ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையின் ஆவணங்களையும் அங்கே உங்கள் வேலையை நேரில் அறிந்த மூத்தவர் உறுதிப்படுத்த வேண்டும். தமிழ்நாட்டுத் துறைத்தலைவர்கள் ஓய்வு பெற்று மின்னஞ்சல் பார்ப்பதை நிறுத்துவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லி வையுங்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய சான்றுகளுக்கு எடை குறைவு என்பதால், எல்லாத் துறைகளிலும் அண்மைய ஆவணங்கள் ஒரே காலத்தில் கைவசம் இருக்குமாறு திட்டமிடுவது இதில் மிகக் கடினமான பகுதி. சமர்ப்பித்த பின் முடிவுக்கு ஆறு மாதம் வரை காத்திருங்கள்.

9. கன்சல்டன்ட் நேர்காணல்

பதிவேட்டில் பெயர் ஏறியபின் விளம்பரமான இடத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள். ஏ.ஏ.சி. எனப்படும் நியமனக் குழு நேர்காணல் செய்யும். ராயல் காலேஜின் பிரதிநிதியும், மருத்துவமனையின் நிர்வாகத் தரப்பும், மருத்துவர் அல்லாத ஒருவரும் அதில் இருப்பார்கள். பயிற்சியில் இருப்பவர்கள் சி.சி.டி. தேதிக்கு ஆறு மாதம் முன்பே நேர்காணலுக்குப் போகலாம். போர்ட்ஃபோலியோ வழியில் வருபவர்களிடம் பெரும்பாலும் பெயர் ஏறிய பின்னரே வரச் சொல்வார்கள்.

நேர்காணலுக்கு முன் அந்த மருத்துவமனைக்குப் போய், துறைத்தலைவரையும் மூத்த செவிலியரையும் மேலாளரையும் சந்திக்கும் வழக்கம் உண்டு. இது சிபாரிசு தேடுவது போல நமக்குத் தோன்றுவதால் நம்மவர்கள் தயங்குகிறார்கள். அவர்கள் அதை அக்கறையின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். போகாதவரைத்தான் ஐயத்தோடு பார்ப்பார்கள். கண்புரைக் காத்திருப்புப் பட்டியல் எவ்வளவு நீளம், அரைநாள் அமர்வில் எத்தனை அறுவை செய்கிறார்கள், க்ளாக்கோமா தொடர் பரிசோதனை எவ்வளவு தாமதமாகிறது என்று கேட்டறியுங்கள். நம் ஊர் வேகத்தைப் பற்றி அங்கே பெருமை பேச வேண்டாம். அந்த ஒழுங்கில் எதை அங்குக் கொண்டுவரலாம் என்று சொல்லுங்கள்.

பணி உறுதியானதும் வேலைத்திட்டத்தைப் பேசுங்கள். முழுநேர கன்சல்டன்ட்டுக்கு வாரம் 10 அமர்வுகள், பொதுவாக ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். அவற்றில் எத்தனை நோயாளிப் பணிக்கு, எத்தனை கற்பித்தலுக்கும் தணிக்கைக்கும், இரவு அழைப்புப் பணி எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பவை கையொப்பத்துக்கு முன் எழுத்தில் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2025–26க்கான அடிப்படை ஊதியம் ஆண்டுக்கு 1,09,725 பவுண்டில் தொடங்கி 1,45,478 பவுண்டு வரை செல்கிறது. வெளிநாட்டில் பணியாற்றிய ஆண்டுகளைத் தொடக்க ஊதியத்தில் கணக்கில் சேர்க்கும்படி கேட்க உங்களுக்கு இடமுண்டு. அதற்கும் தேதியிட்ட பணி அனுபவச் சான்றுகளைத்தான் கேட்பார்கள், ஆகவே இந்தக் கட்டுரையின் மூன்றாம் பகுதியில் சொன்னபடி ஊரிலேயே சேர்த்த கோப்பை அன்றும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.